பன்னிரண்டணாத் தத்துவம்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை தத்துவம் என்னும் விஷயமாக நான் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று இவ்வாசகசாலைத் தோழர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நோட்டீசில் தத்துவம் என்று போட்டிருந்தும் இவ்வளவு பேர் வந்திருப்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. ஏனெனில் அந்தச் சொல்லின்மேல் நம் ஜனங்களுக்குள்ள பயம் கொஞ்ச நஞ்சமல்ல. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. நம்மிடம் தத்துவம் பேசுகிறவர் மேடையேறினால், முதலில் யாருக்கும் விளங்காத பத்து வார்த்தைகளைச் சொல்லுவார். "எனக்கு விளங்கவில்லையே" என்று ஒருவன் எழுந்து சொன்னால், "உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்பார். விளங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டாலோ, "அதிகப்பிரசங்கி, உட்கார்" என்பார். ஆகவே விளங்காவிட்டாலும் குற்றம் நம்முடையது. விளங்கினாலும் குற்றம் நம்முடையது. மூட்டையைப் பிரித்துக் காட்டாமலே சரக்கை விற்று, வாங்கினவனையே திட்டி அனுப்புகிற வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆதலால் தத்துவத்தைப்பற்றிப் பொதுப்பட ஒன்றும் பேசுவதாக உத்தேசமில்லை. மூட்டையைப் பிரித்து வைத்து, "தட்டிப்பார், மோந்துபார், பிடித்தால் எடுத்துக்கொள்" என்று சொல்லுகிற ஒரு சிறு புஸ்தகத்தைப்பற்றி மாத்திரம் பேசப்போகிறேன். இங்கிலாந்து தேசத்து பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1911-ல் எழுதி 1912-ல் வெளிவந்த "தத்துவத்தின் பிரச்சினைகள்" என்பது அது. நான் காலேஜ் வாசற்படியை மிதித்தவனல்ல. அகராதியை ஒரு பக்கமும் புஸ்தகத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன். அப்படிப் படிக்கிறவனையும் மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதே இதற்குள்ள முதல் யோக்கியதை.

அது எழுதப்பட்ட சங்கதியைக் கொஞ்சம் கேளுங்கள். ரஸ்ஸல் அதற்குமுன் சுமார் பத்து வருஷ காலம் ஒயிட்ஹெட் என்பவரோடு சேர்ந்து, கணக்கின் அஸ்திவாரம் என்ன என்பதைப்பற்றி மூன்று பெரிய வால்யூம்கள் கொண்ட நூல் ஒன்று எழுதினார். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்னும் இடத்தை எட்டிப் பார்ப்பதற்கே அதில் முதல் வால்யூமில் 350 பக்கங்களுக்குமேல் தாண்டவேண்டும். அச்சுப்போட்டால் 600 பவுன் நஷ்டம் வரும் என்று கேம்பிரிட்ஜ் அச்சகத்தார் கணக்குப் பார்த்தார்கள். பாதியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ராயல் சொசைட்டியார் 200 பவுன் கொடுத்தார்கள். மீதி 100 பவுனை எழுதினவர்கள் இருவரும் ஆளுக்கு ஐம்பதாகத் தங்கள் கையிலிருந்து கட்டினார்கள். பத்து வருஷம் பாடுபட்டதற்குக் கிடைத்த சம்பளம் ஐம்பது பவுன் நஷ்டம்! அந்தச் சமயத்தில்தான் கில்பர்ட் மர்ரே என்னும் கிரேக்கப் பேராசிரியர், தாமும் வேறு சிலரும் பதிப்பாசிரியர்களாயிருந்து நடத்தப்போகும் மலிவுப் புஸ்தக வரிசைக்குத் தத்துவத்தைப்பற்றி ஒன்று எழுதித் தரும்படி ரஸ்ஸலைக் கேட்டார். வீட்டிலிருந்தபடியே படிக்கும் சர்வகலாசாலை என்று அந்த வரிசைக்குப் பெயர். 1911-ல் ஆரம்பமாயிற்று. கடைச் சிப்பந்தியும் தொழிலாளியும் வாங்கக்கூடியதாக விலை ஒரு சில்லிங் என்று வைத்தார்கள்.

ஒரு சில்லிங் என்றால் பன்னிரண்டு பென்ஸ். அக்காலத்து நாணய மாற்றுப்படி நம் ரூபாய்க்குப் பதினாறு பென்ஸ். ஆகவே நம் காசில் பன்னிரண்டு அணா. அந்த நாளில் இங்கிலாந்தில் ஒரு சில்லிங்குக்குக் கொலை, கொள்ளை, திடுக்கிடும் மர்மம் என்று மலிவு நாவல்கள் விற்றன. ரஸ்ஸல் தம் புஸ்தகத்தையும் அந்த ஜாதியில் சேர்த்து, வேடிக்கையாக "என் சில்லிங் மர்ம நாவல்" என்று சொல்லிக்கொண்டார். நம் அணா 1957-ல் ஒழிந்தது. அவர்கள் சில்லிங் 1971-ல் ஒழிந்தது. புஸ்தகம் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பதினைந்து அதிகாரங்கள். முதல் அதிகாரத்திலே கடவுள் இல்லை, ஆத்மா இல்லை, மோட்சம் இல்லை. ஒரு மேஜை இருக்கிறது. "நமக்குத் தெரியும், தெரியும் என்று நாம் மார்தட்டிக்கொள்ளுகிறோமே, அதில் ஆட்டினாலும் அசையாதது எது?" என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு ஆகாயத்தைப் பார்க்காமல் தாம் எழுதிக்கொண்டிருக்கும் மேஜையையே பார்க்கிறார். மேஜைக்கு நிறம் என்ன? பழுப்பு. ஆனால் வெளிச்சம் விழுகிற இடம் வெளுப்பாய்ப் பளபளக்கிறது. நான் இரண்டடி நகர்ந்தால் பளபளப்பும் நகர்ந்துவிடுகிறது. விளக்கை அணைத்தால் நிறமே இல்லை. வழவழப்பு என்கிறோம், பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமும். நீண்ட சதுரம் என்கிறோம். நிற்கிற இடத்துக்கு ஒரு வடிவம். இதில் எது மேஜையின் சொந்த நிறம், எது சொந்த வடிவம்? கண்ணுக்கு எட்டுவதும் கைக்கு எட்டுவதும் செய்திகள்தான். மேஜை என்பது அச்செய்திகளிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ளுகிற பொருள் என்கிறார்.

இந்த இடத்தில் நம் நாட்டு மாயாவாதிகள் கையைத் தட்டிக்கொண்டு, "பார்த்தீர்களா! நாங்கள் அன்றைக்கே சொன்னோம், எல்லாம் மாயை!" என்று எழுந்திருப்பார்கள். தோழர்களே! கொஞ்சம் பொறுக்கவேண்டும். மேஜை மாயை என்கிற பண்டிதர், மேஜைமேல் வைத்த தட்சணையை மாயை என்று விட்டுவிட்டு எழுந்துபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது கிடக்கட்டும். ரஸ்ஸல் சந்தேகத்தை எடுத்ததற்கும் இவர்கள் எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இவர்கள் உலகத்தைச் சந்தேகி என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்ன சாஸ்திரத்தைச் சந்தேகிக்காதே என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். பாதி வழியில் நிற்கிற சந்தேகம் அது. இவர், தட்டிக்கொண்டே போனால் எது நிற்கிறது என்று பார்க்கத் தட்டுகிறார்.

தட்டிப் பார்த்தவர்களில் முந்தியவர் டெக்கார்ட் என்னும் பிரெஞ்சுக்காரர். 1596-ல் பிறந்தவர். ஏதோ ஒரு பிசாசு நம் கண்ணையும் காதையும் ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஏமாறுவதற்கு நான் ஒருவன் இருந்துதானே தீரவேண்டும் என்று அவர் வாதித்தார். ரஸ்ஸல் அதையும் சும்மா விடவில்லை. "நான்" என்று அங்கே நீர் சேர்த்தீரே, நேற்று இருந்த அதே ஆசாமி இன்றும் இருக்கிறான் என்பது உமக்கு எப்படித் தெரிந்தது? இப்போது ஒரு நிறம் தோன்றுகிறது என்கிறவரையில்தான் நிச்சயம் என்கிறார். ஆத்மா அழியாது, பிறவிதோறும் தொடர்கிறது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறவர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படித்துப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

பிறகு, வெளியுலகம் என்று ஒன்று இருக்கிறதாவென்று விசாரிக்கும்போது ஒரு பூனையைக் கொண்டுவருகிறார். பூனை அறையில் ஒரு மூலையில் தென்படுகிறது. சற்று நேரம் கழித்து வேறு மூலையில் தென்படுகிறது. நடுவில் நீங்கள் பார்க்கவில்லை. பூனை என்பது உங்கள் கண்ணுக்குத் தோன்றுகிற தோற்றம் மாத்திரமானால், நீங்கள் பார்க்காத நேரத்தில் அது இல்லை என்றாகிறது. இல்லாத பூனைக்கு எப்படிப் பசி எடுத்தது? பசியெடுத்து வந்து காலைச் சுற்றுகிறதே! ஆகவே பூனை நம்மைக் கேட்காமலே இருந்துகொண்டிருக்கிறது, நடந்து வந்தது, பசித்தது என்று சொல்லுவதுதான் எளிய விளக்கம். ஆனால் அவர் அத்தோடு இன்னொன்றும் ஒப்புக்கொள்ளுகிறார். இது கணக்கில் ருஜுப்பிப்பதுபோன்ற ருஜுவல்ல. வாழ்நாள் முழுவதும் ஒரு நீண்ட கனவு என்பதை அடியோடு மறுக்க வழியில்லை. ஆனால் அப்படி நினைப்பதற்கு ஒரு காரணமுமில்லை என்கிறார். எவ்வளவுக்கு ருஜு இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் விலை கேட்கிறார். இந்த நாணயம்தான் எனக்கு இந்த ஆசாமியிடம் பிடித்தது.

பெர்க்லி என்று ஒருவர். அயர்லாந்தில் குளாய்ன் என்ற ஊர் பிஷப். 1753-ல் இறந்தார். மனதுக்கு வெளியே பொருள் என்று ஒன்றுமில்லை, எல்லாம் மனதிலுள்ள எண்ணங்களே என்று சொன்னவர். அப்படியானால் யாரும் பார்க்காத மரம் என்னவாகிறது என்று கேட்டால், அது கடவுள் மனதில் இருக்கிறது என்றார். பாருங்கள் சாமர்த்தியத்தை! மேஜையை இல்லாமல் அடித்துவிட்டு, அந்த இடத்தில் கடவுளைக் கொண்டுவந்து உட்கார்த்தினார். ரஸ்ஸல் அவரை மரியாதையோடுதான் நடத்துகிறார்; ஆனால் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று காட்டிவிடுகிறார். மரத்தை நினைக்கிற நினைப்பு என் மனதில் இருக்கிறது என்பது வேறு. நினைக்கப்பட்ட மரம் என் மனதில் இருக்கிறது என்பது வேறு. எனக்குக் கடன் கொடுத்தவரை நான் மனதில் வைத்திருக்கிறேன் என்பதால், அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார் என்று ஆகுமா?

இனி, அறிமுகத்தால் அறிவது, வர்ணனையால் அறிவது என்று ஒரு பாகுபாடு செய்கிறார். இது நமக்கு நிரம்ப உபயோகமானது. என் பல்வலியை நான் நேரே அறிவேன். சீனச் சக்கரவர்த்தியை எனக்கு நேரே பழக்கமில்லை, ஆனாலும் அப்படி ஒருவர் உண்டு என்று பிறர் சொல்லி அறிவேன் என்று உதாரணம் காட்டுகிறார். (அதே 1912-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அந்தச் சக்கரவர்த்தியும் பதவியை விட்டார், சீனா குடியரசாயிற்று. தத்துவ உதாரணத்துக்குக்கூட ராஜாக்களை நம்பக்கூடாது போலிருக்கிறது.) வர்ணனையால் அறிவது தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வர்ணனையைப் பின்னால் பின்னால் தொடர்ந்துகொண்டு போனால், எங்கேயாவது ஓரிடத்தில் யாராவது ஒருவருக்கு நேரே கிடைத்த அறிவில் அது போய் முட்டவேண்டும். முட்டாவிட்டால் அது வெறும் சத்தம். வைகுண்டத்தின் நீள அகலத்தை நம்மிடம் வர்ணிக்கிறவரை இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அவர் குரு சொன்னார், அவருக்கு அவர் குரு சொன்னார், அளந்தவன் யார்?

தோழர்களே! இதுவரை நான் சொன்னதெல்லாம் உங்களுக்குச் சிரிப்பாயிருந்திருக்கலாம். ஏனென்றால் அடி விழுந்ததெல்லாம் எதிர்க்கட்சிக்காரர்மேல். இனிச் சொல்லப்போகிற ஆறாம் அதிகாரத்தில் அடி நம்மேலும் விழுகிறது. அதற்காகவே இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

அதிலே ஒரு கோழிக்குஞ்சு வருகிறது. ஒருவன் அதற்குத் தினமும் தீனி போடுகிறான். நாள் தவறினதில்லை. கடைசியில் ஒரு நாள் தீனி போட்ட அதே கை கழுத்தைத் திருகிவிடுகிறது. ரஸ்ஸல் இரண்டு வரியில் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார். நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லுகிறேன். அந்தக் கூண்டில் ஒரு வயசான பண்டிதக் கோழி இருந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். அது மற்றக் கோழிகளுக்கு என்ன உபதேசம் செய்திருக்கும்? "எசமான் நம்மைக் காப்பவர். நான் பிறந்த நாள் முதல் தீனி வருகிறது. என் தாய் காலத்திலும் வந்தது. இது தொன்றுதொட்டு வந்த தர்மம். இதைச் சந்தேகிக்கிறவன் நன்றிகெட்டவன்" என்றுதானே சொல்லியிருக்கும்? அந்தக் கோழி பொய் சொல்லவில்லை. அது பார்த்ததெல்லாம் உண்மை. ஒரு நாளாவது தீனி வராமல் போனதில்லை. ஆனால் தீனி ஏன் வருகிறது என்று மாத்திரம் அது ஒரு நாளும் கேட்கவில்லை. வெகு காலமாக நடந்து வருவதால் இது சரி, முன்னோர் செய்ததால் இது நல்லது என்று நம்மிடம் சொல்லுகிறவர்களின் வாதத்தில், கோழியின் வாதத்துக்குமேல் ஒரு அரிசி எடையாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்மை. நாளைக் காலையில் சூரியன் உதிக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? இதுவரை உதித்தது, அதனால் இனியும் உதிக்கும் என்றால், நாமும் கூண்டுக் கோழிதான். பூமி சுழலும் நியமத்தால் உதிக்கும் என்றால், அந்த நியமம் நாளைக்கும் நடக்கும் என்பதற்கு என்ன ருஜு? இதுவரை நடந்தது என்பதுதான். மறுபடியும் கூண்டுக்கே வந்துவிட்டோம்! இந்தச் சங்கடத்தை 18-ம் நூற்றாண்டில் கிளப்பினவர் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நாஸ்திகர் என்ற சந்தேகத்தின்மேல் 1745-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் அவருக்கு உத்தியோகம் கிடைக்காமல் போயிற்று. அனுபவத்தைக் கொண்டு அனுபவ நியாயத்தை ருஜுப்பிக்க முடியாது, ஏனெனில் அப்படி ருஜுப்பிக்கிறபோதே அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது என்கிறார் ரஸ்ஸல். எத்தனை தடவை பார்த்தாலும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படியிருக்கும் என்கிற நிகழ்தகவுதான், முழு நிச்சயமல்ல.

நம்மில் சிலர் கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்று மேடையில் சொல்லுகிறார்கள். கைதட்டலும் வாங்குகிறார்கள். இந்தச் சண்டை நம் நாட்டிலும் பழையது. லோகாயதர்கள் காட்சி ஒன்றே பிரமாணம், அனுமானம் பிரமாணமாகாது என்று வாதித்தவர்கள். அவர்கள் எழுதிய நூல்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. எதிரிகள் எழுதிவைத்ததைக் கொண்டுதான் அதிகமும் அவர்களை அறிகிறோம். மணிமேகலையில் பூதவாதி என்று ஒருவர் வந்து அதே கட்சியைப் பேசுகிறார். மணிமேகலை சிரித்துக்கொண்டு, "உன் தாய் தகப்பன் இன்னார் என்று அனுமானத்தால் அல்லாமல் வேறு எதனால் தெரிந்துகொண்டாய்?" என்ற கருத்துப்படக் கேட்கிறாள். பூதவாதியிடம் எனக்கு அபிமானம் உண்டு. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பதை மறைக்கக்கூடாது. கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்கிறவன் தன் பிறந்த நாளைக்கூடக் கொண்டாட முடியாது.

வேறு சிலர், "விஞ்ஞானம் சொல்லிவிட்டது" என்கிறார்கள். சாஸ்திரம் சொல்லிவிட்டது என்பதற்கும் இதற்கும் தொனியில் வித்தியாசமில்லை. விஞ்ஞானம் சொன்னது என்பதற்காக ஒன்றை நம்பினால், நம் கழுத்தில் புதுக் கயிறு கட்டிக்கொண்டோம் என்றுதான் அர்த்தம். இந்தப் புஸ்தகமே இதற்கு ஒரு அத்தாட்சி. நியூட்டனின் இயக்க விதிகளையும் ஆகர்ஷண விதியையும்தான், வெகுவாகச் சோதித்துத் தேறிய நியமங்களுக்கு உதாரணமாக 1912-ல் ரஸ்ஸல் எடுத்துக்கொள்ளுகிறார். மூன்றே வருஷத்தில், 1915-ல் ஐன்ஸ்டைன் அந்த ஆகர்ஷண விதியைத் திருத்திவிட்டார். இருநூறு வருஷத்துக்குமேல் தீனி போட்ட கை அது!

அப்படியானால் நாமும் பண்டிதக் கோழியும் ஒன்றா? இதை நான் வெகு நாள் யோசித்தேன். என் அபிப்பிராயம் இது. புதன் கிரகத்தின் பாதை நியூட்டன் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பதை லெவெரியே என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி 1859-லேயே வெளியிட்டார். வித்தியாசம் எவ்வளவு? ஒரு பாகையை 3600 கூறு செய்தால், நூறு வருஷத்துக்கு ஏறக்குறைய 43 கூறு. இந்த அற்ப வித்தியாசத்தை எவரும் மறைக்கவில்லை. நியூட்டன் மகான், அவர் கணக்கைச் சந்தேகிக்காதே என்று யாரும் கிரகத்தின்மேல் துணியைப் போட்டு மூடவில்லை. ஐம்பத்தைந்து வருஷத்துக்குமேல் அதை ஒரு கடன்போலப் பேரேட்டில் எழுதிவைத்து, ஈடு கட்டுகிறவன் வருகிறவரை காத்திருந்தார்கள். கோழிக்கூண்டில் அந்தப் பேரேடு இல்லை. நமக்கும் கோழிக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பேரேடு மாத்திரம்தான். அதை மூடிவைத்துவிட்டு விஞ்ஞானம், விஞ்ஞானம் என்று நாம் எவ்வளவு கூவினாலும் அது கூண்டுக்குள்ளிருந்து கூவுவதுதான்.

இப்படி நான் சொல்லுவதால் ஹியூமின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நீங்கள் நினைக்கவேண்டாம். கிடைக்கவில்லை. பேரேடு வைத்தவன் நாளைக்கும் பிழைப்பான் என்பதற்கு என்ன ருஜு என்று ஹியூம் மறுபடியும் கேட்பார். இந்த நியாயத்தை அதனதன் தெளிவின்மேல் ஒப்புக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் நாளையைப்பற்றிய எல்லா எதிர்பார்ப்பையும் கைவிடவேண்டும் என்று ரஸ்ஸல் விட்டுவிடுகிறார்.

இதற்கு அப்புறம் நாலைந்து அதிகாரங்கள் கடினம். இரண்டும் இரண்டும் நாலு என்பது அனுபவத்தால் வந்ததா, அனுபவத்துக்கு முந்தியதா என்றும், வெண்மை, நீதி, வடக்கே இருப்பது என்பன போன்ற பொதுமைகள் எங்கே இருக்கின்றன என்றும் பிளேட்டோவையும் கான்ட்டையும் இழுத்துக்கொண்டு போகிறார். எனக்கு அங்கே மூச்சு முட்டிற்று. முதல் தடவை படிக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போனால் பாவமில்லை.

உண்மை என்பது என்ன என்கிற அதிகாரத்தை மாத்திரம் தாண்டவேண்டாம். ஒன்றோடொன்று முரணாமல் பொருந்தியிருப்பதே உண்மை என்று ஒரு கட்சி அந்தக் காலத்தில் பலமாயிருந்தது. ரஸ்ஸல் அதை மறுக்கிறார். கெட்டிக்காரனான ஒரு நாவலாசிரியன் உட்கார்ந்தால், நமக்கு இன்று தெரிந்ததற்கெல்லாம் பொருந்தும்படி உலகத்துக்கு ஒரு பழங்கதையைக் கட்டிவிடலாம்; பொருந்துவதாலேயே அது நடந்ததாகிவிடுமா? ஸ்டப்ஸ் என்று ஒரு பிஷப் இருந்தார், 1901-ல் காலமானார். அவரைக் கொலைக்காகத் தூக்கில் போட்டார்கள் என்கிற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, பொருத்தத்தை மாத்திரம் பார்ப்பதானால் இதையும் உண்மையென்று நிலைநாட்ட வழியுண்டே என்று ரஸ்ஸல் வேறொரு கட்டுரையில் விளையாடியிருக்கிறார். இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்குப் புராணங்களின் ஞாபகம் வந்தது. இந்த அசுரன் ஏன் பிறந்தான்? முற்பிறப்பில் ஒரு சாபம். சாபம் ஏன் வந்தது? இன்னொரு புராணத்தில் ஒரு கோபம். பத்துப் புராணத்தையும் சேர்த்துப் பார்த்தால் கேள்விக்கெல்லாம் பதில் இருக்கும். சந்து பொந்து இருக்காது. பொருத்தத்தில் குறைவில்லை. நடந்ததா என்பதுதான் கேள்வி.

இனி இந்தப் புஸ்தகத்தின்மேல் எனக்குள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானும் பஜனை செய்தவனாவேன். தத்துவம் என்று தலைப்பில் இருந்தாலும், அறிவைப்பற்றிய விசாரணையே பெரும்பகுதி. மனிதனுக்கு மனிதன் எப்படி நடந்துகொள்ளவேண்டும், ஒருவன் பாடுபட ஒருவன் உண்ணுவது நியாயமா என்பதற்கெல்லாம் இதில் இடமில்லை. தமக்குத் திட்டமாகச் சொல்ல ஏதாவது இருக்கிற பிரச்சினைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டதாக முன்னுரையிலேயே சொல்லியிருப்பதால், ஏமாற்றினார் என்று சொல்லமுடியாது. அன்றியும், இதில் வருகிற தத்துவாசிரியர் எல்லோரும் ஐரோப்பியர்களே. சீனாவுக்கு ஒரு சக்கரவர்த்தி உண்டு என்று தெரிந்தவர், சீனாவுக்குத் தத்துவாசிரியர்களும் உண்டு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கடைசி அதிகாரத்தில்தான் எனக்குச் சண்டை. தத்துவத்தின் பயன் என்ன என்று அங்கே பேசுகிறார். வயிற்றுக்கு வேண்டியதையே பார்த்து மனதுக்கும் ஆகாரம் வேண்டும் என்பதை மறந்தவனைக் கொஞ்சம் குறைவாகப் பேசுகிறார். ரஸ்ஸலின் பாட்டனார் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்தவர். பசி என்பது அவருக்கு வர்ணனையால் அறிந்த சங்கதியாகத்தான் இருந்திருக்கும். ஆகவே அந்தப் பக்கத்தைப் படித்தபோது, "ஐயா, நீர் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறீர்" என்று எனக்குச் சொல்லத் தோன்றிற்று.

ஆனால் தோழர்களே! அதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. "கூலிக்காரனுக்குத் தத்துவம் எதற்கு? முதலில் அவனுக்குச் சோறு போடுங்கள்" என்று நம் சிநேகிதர்களே சொல்லுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் இதையேதான் வேறு எண்ணத்தோடு எத்தனையோ நூற்றாண்டுகளாக வேறு சிலரும் சொல்லிவந்தார்கள். நீ உழு, நாங்கள் யோசிக்கிறோம். நீ நெய், நாங்கள் ஓதுகிறோம் என்றார்கள். யோசிக்கிற வேலையை ஒருவனிடம் விட்டுவிட்டவனுக்கு, தன் சோற்றுக் கணக்கையும் அவனிடமே விடவேண்டி வந்தது. தனக்குச் சேரவேண்டிய கூலி இவ்வளவு என்று கேட்பதற்கே, இது தலைவிதியல்ல என்கிற ஒரு சந்தேகம் முதலில் தலையில் எழவேண்டுமே! வயிறு நிறைந்த பிறகு அந்தச் சந்தேகம் வரட்டும் என்றால், வயிறு நிறைவது எப்போது?

இன்னொன்றும் ரஸ்ஸலுக்காகச் சொல்லவேண்டும். மேஜையைப்பற்றிச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறவன் காரியத்துக்கு உதவமாட்டான் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி சொல்லவில்லை. யுத்தத்தை எதிர்த்து எழுதியதற்காக 1918-ல் ஆறு மாதத் தண்டனை பெற்று லண்டன் பிரிக்ஸ்டன் சிறைக்குப் போனார். அணுகுண்டை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ததற்காக 1961-ல், 89-ம் வயதில், அதே சிறைக்கு மறுபடியும் ஒரு வாரம் போனார். 1970-ல் காலமானார். நடுவில், இந்தப் புஸ்தகத்தில் தாம் சொன்னவற்றிலேயே சிலவற்றை 1921-ல் எழுதிய மனதைப்பற்றிய நூலில் கைவிட்டுவிட்டார். ஆகவே இதில் உள்ளதையெல்லாம் அவர் வாக்கு என்று யாரும் மனப்பாடம் செய்யவேண்டாம். அவரே செய்யவில்லை.

தத்துவாசிரியர்களின் வாழ்க்கையையும் சேர்த்துக் கதைபோலப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, அமெரிக்காவில் வில் டுரான்ட் 1926-ல் வெளியிட்ட "தத்துவத்தின் கதை" இருக்கிறது. நியூயார்க்கில் தொழிலாளர்களுக்குச் செய்த பிரசங்கங்களிலிருந்து பிறந்து, ஐந்து சென்ட் விலையுள்ள சிறு நீலப் புஸ்தகங்களாக வந்து, பிறகு பெரிய புஸ்தகமாயிற்று. படிக்க ருசியாயிருக்கும். ஆனால் அதைப் படித்து முடித்தவனுக்கு பிளேட்டோ எப்படிப்பட்டவர், ஸ்பினோசா எப்படிப்பட்டவர் என்று சொல்லத் தெரியும். ரஸ்ஸலின் புஸ்தகத்தைப் படித்து முடித்தவனுக்கு வாதாடத் தெரியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டென்றால் நான் இரண்டாவதையே சொல்லுவேன்.

அமெரிக்காவில் ரஸ்ஸல் புஸ்தகத்தின் பதிப்புரிமை தீர்ந்துவிட்டபடியால், கூட்டன்பர்க் திட்டத்தார் அதை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டணாவும் இப்போது தேவையில்லை. இந்த வாசகசாலையில் அச்சுப் பிரதி ஒன்றும் இருக்கிறது. எடுத்துப் போகிறவர்கள் முதல் அதிகாரத்தையும் ஆறாவதையும் முதலில் படியுங்கள். தனியாகப் படிக்காதீர்கள், ஒருவர் வாசிக்க மற்றொருவர் மறுக்கவேண்டும். கடைசிப் பக்கத்தில் பிளேட்டோ, டெக்கார்ட், பெர்க்லி, ஹியூம் முதலியவர்களின் சொந்த நூல்களைக் குறித்து, என்னுடையதைப் போன்ற கைப்புஸ்தகங்களைவிட அவற்றை நேரே படிப்பதே மேல் என்ற கருத்தில் ஆசிரியரே எழுதியிருக்கிறார். தன் கடையைவிட்டு அடுத்த கடைக்கு வழி சொல்லுகிற வியாபாரி!

எனக்கு அளித்த நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் மணியைக் காட்டுகிறார். கேள்விகளை எழுதி அனுப்பலாமென்று நோட்டீசிலேயே போட்டிருக்கிறார்கள். முன்வரிசையிலிருந்து ஏற்கெனவே ஒரு சீட்டு வந்திருக்கிறது. "கோழிக்கு அந்தப் பேரேடு இருந்திருந்தாலும் கூண்டைத் திறந்துகொண்டு போயிருக்க முடியுமா?" என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதிலிருந்தே ஆரம்பிப்போம்.